முழக்கோல் நறுக்கிய மூன்று மீட்டர்

சுரங்க ஆய்வகத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட யாருக்கும் வாய் வராது; முழக்கோல் என்றால்தான் தெரியும். பத்தொன்பது வருடமாகக் கேபிள் போட்ட கை. ஒரு ஒயர் தொங்கினால் அவருக்குச் சோறு இறங்காது. அப்படி ஒரு மனுஷன்!

மலைக்கடியில் பெரிய தண்ணீர்த் தொட்டி. நியூட்ரினோ என்கிற துகள் மலையையே ஊடுருவிப் போகும். அபூர்வமாக ஒன்று தண்ணீரில் மோதினால் துளி வெளிச்சம் வரும். சுற்றியுள்ள உணர்விகள் அதை எப்போது எப்போது பார்த்தன என்பதை வைத்துத்தான் துகள் வந்த பாதையைக் கண்டுபிடிக்க வேண்டும். நொடியை நூறு கோடியாகக் கூறுபோட்ட கணக்கு. கேபிளில் சமிக்ஞை ஓடிவரும் நேரமும் அதில் சேரும் என்பதால் எல்லாக் கேபிளும் ஒரே நீளம். கருவி அறைக்குக் கிட்டே உள்ள உணர்விகளுக்கு மிச்சக் கேபிள் சுருண்டு கிடக்கும். ஏன் ஒரே நீளம் என்று முழக்கோலிடம் யாரும் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை.

நேரச் சரிபார்ப்பு முடிந்த மறுவாரம் பழுதான இணைப்பிகளை மாற்றப் போனவர், சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாக, ஒரு மூலையில் சுருண்டு கிடந்த பன்னிரண்டு கேபிளில் மும்மூன்று மீட்டரை நறுக்கி அழகாகக் கட்டிவிட்டு வந்தார்.

நாலு மாதமாக ஆராய்ச்சிக்காரப் பெண் கணக்கிட்ட பாதையெல்லாம் கோணலாகவே வந்தது. அவள் புரோகிராமில்தான் தப்பு என்றார்கள். மாதக் கடைசியில் அவளை அனுப்பிவிடுவதாகப் பேச்சு.

"ஒரு மூலையில மட்டும் வெளிச்சம் முன்னாடியே வந்த மாதிரி காட்டுது, அண்ணே. கேபிள் எல்லாம் ஒரே நீளம்தானே?" என்று டீ குடிக்கும்போது அவள் கேட்டாள். தான் நறுக்கிய மூன்று மீட்டர் அவருக்கு நினைவு வந்தது; பாதி டீயை வைத்துவிட்டு எழுந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் கொட்டினார். "ஒப்பந்த வேலை. சொன்னா சீட்டைக் கிழிச்சிடுவாங்க."

"கிழிக்கட்டும். அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சு? நாளைக்கு முதல் வேலையா சொல்லிட்டு வாங்க."

மறுநாள் தலைமை விஞ்ஞானி முன் நின்றார். "வெட்டினது நான்தான் சார். மூணு மீட்டர்."

"மீட்டருக்கு அஞ்சு நானோ செகண்ட்... பதினஞ்சு! அப்படியே பொருந்துதே!" விஞ்ஞானி தலையில் அடித்துக்கொண்டார். "கணக்கைத் திருத்திடலாம், பதிவெல்லாம் தப்பிச்சுது. ஏன்னு உங்ககிட்ட நாங்களும் சொல்லியிருக்கணும். இனி கேக்காம கைய வெச்சீங்க, தொலைச்சிடுவேன். போய் வேலையைப் பாருங்க."

வெளியே எல்லாவற்றையும் கேட்டபடி அந்தப் பெண் நின்றிருந்தாள். "மன்னிச்சிடும்மா" என்று தொடங்கியவரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"இந்த வேலைக்கே நான் லாயக்கில்லைன்னு நாலு மாசமா நினைச்சிட்டிருந்தேன், அண்ணே. நீங்க சொல்லலைன்னா கடைசிவரைக்கும் அப்படியே நினைச்சிருப்பேன். ரொம்ப நன்றி."

திட்டு வாங்கத் தயாராகப் போன மனுஷன், சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் மனைவி முன்னால் நின்றார்.

"அந்தப் பொண்ணு எனக்கு நன்றி சொல்லுச்சு" என்றார். "அது உனக்குச் சேர வேண்டியது."