விழுப்புரத்திலிருந்து மஸ்கட்டுக்கு என் கம்ப்யூட்டர்

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு விழுப்புரம் வீட்டைப் பூட்டிக் கிளம்பினோம். நான், டிரைவர் செல்வம், பின் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்த ஓர் அட்டைப்பெட்டி. பெட்டிக்குள் என் கம்ப்யூட்டர்.

மஸ்கட்டில் மகனோடு தங்கப் போகிறேன். "அந்தக் கம்ப்யூட்டர வித்துடும்மா, இங்க லேப்டாப் வாங்கித் தர்றேன்" என்று அவன் சொல்லாத நாளில்லை. கல்யாணப் பத்திரிகை, பள்ளி வினாத்தாள் என்று இதில் டைப் அடித்துக் கொடுத்துச் சம்பாதித்தவள் நான். வேலை இப்போதும் மெயிலில்தான் வருகிறது. இது உடையாமல் போய்ச் சேர்ந்தால் அங்கேயும் நான் சம்பாதிக்கிறவள். உடைந்தால், மகன் வீட்டில் சமைத்துப்போட வந்த அம்மா.

கட்டிய விதத்தைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். ஹார்ட் டிஸ்க் என் கைப்பையில். கிராஃபிக்ஸ் கார்டையும் ப்ராசசர் மேலிருந்த கனமான விசிறியையும் கழற்றித் தனியே சுற்றினேன். குலுங்கினால் இவைதான் உள்ளிருக்கும் மதர்போர்டைப் பிய்க்கும். உள்ளே காலியிடமெல்லாம் ஸ்பாஞ்ச். மானிட்டரை விற்றுவிட்டேன். பெட்டி பத்தொன்பது கிலோ. என் டிக்கெட்டுக்கு இருபத்துமூன்று வரை உண்டு.

"இன்னாக்கா, கொழந்தைக்குப் போட்ட மாதிரி பெல்ட்டு போட்டுக்கினு வர்றீங்க" என்றார் செல்வம்.

"கொழந்த இடிச்சா அழும். இது அழாது. நீங்கதான் பாத்து ஓட்டணும்."

விக்கிரவாண்டி சுங்கச்சாவடி தாண்டி, வீட்டிலிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டரில் திண்டிவனம். டீ பதினைந்து ரூபாய். பாதி குடிக்கும்போது மேல்மலையனூரிலிருந்து நாத்தனார் சரோஜாவின் போன். முந்தின நாள் வழியனுப்ப வந்தவள். நான் டேப் வாங்கப் போன நேரம், திறந்திருந்த பெட்டிக்கு அவள்தான் காவல்.

"அண்ணி, அந்தப் பழத்த அங்க போய்ச் சேர்ற வரைக்கும் எடுத்துடாதீங்க."

"எந்தப் பழம்?"

"அமாவாசைக்கு அம்மன் காலடியில வச்சி எடுத்தாந்த எலுமிச்சம்பழம். ஸ்பாஞ்சுக்குள்ள சொருவிட்டேன். கண்ணு படக்கூடாதுல்ல?"

"சரோஜா, அது கரண்டுல ஓடுற பொருளு. சாறு பட்டா செத்துடும்."

"அங்காளம்மன் பழம் யாரையும் சாவடிக்காது அண்ணி."

டீக்கடை பெஞ்சில் பெட்டியை இறக்கிப் பிரித்தேன். பழம் நசுங்கிக் கிடந்தது. ஸ்பாஞ்ச் நனைந்திருந்தது. செல்வம் எட்டிப் பார்த்தார்.

"பேஜாரு. வுடுங்கக்கா, ஜல்தி போவணும். மவன் புச்சு வாங்கித் தருவாரு."

"இந்த ஃப்ளைட்டு போனா அடுத்த ஃப்ளைட்டு. இத பாக்காம ஏற மாட்டேன்."

செல்போன் வெளிச்சத்தில் ஓரம் ஓரமாகப் பார்த்தேன். சாற்றை ஸ்பாஞ்சே குடித்திருந்தது. மெமரிக்கு ஒரு விரற்கடை தள்ளி, கேபினெட் தகட்டில் மட்டும் ஒரு சொட்டு. கைக்குட்டையால் ஒற்றியெடுத்தேன். ஸ்பாஞ்சை எறிந்துவிட்டு, சூட்கேஸிலிருந்த இரண்டு பருத்திப் புடவைகளை மடித்துத் திணித்தேன். பழத்தைச் செல்வம் முன் டயருக்கு அடியில் வைத்தார்.

"அம்மன் பழம்க்கா. வீணாவக் கூடாது."

நசுக்கிக்கொண்டு கிளம்பினோம். சென்னை விமான நிலையம் வரை பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஈரம் எங்கே ஒளிந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

ஞாயிறு காலை, மஸ்கட். கழற்றியதையெல்லாம் மாட்டி, மகனின் டிவியில் இணைத்துப் பொத்தானை அழுத்தினேன். விசிறி சுழன்றது. முதலில் எலுமிச்சை வாசம் வந்தது. பிறகுதான் திரையில் வெளிச்சம். பாதியில் விட்ட வினாத்தாள், எட்டாவது கேள்வியில் அப்படியே நின்றது.

மகன் சிரித்துக்கொண்டே கம்ப்யூட்டரை மூலை அறைக்குத் தூக்கினான்.

"அங்க வேணாம். ஜன்னலாண்ட அந்த மேஜைல வையி."

"அம்மா, அது சாப்பாட்டு மேஜை."

"விழுப்புரத்துல இதுக்குத் தனி ரூமே இருந்துச்சு. இங்க மேஜைதான கேக்கறேன்? நீங்க கீழ உக்காந்து சாப்புடுங்க."

டிவியோடு சேர்த்து வைத்தான். ஒன்பதாவது கேள்வியை அடிக்க ஆரம்பித்தேன்.