காது மெஷினுக்கு ஏற்ற தமிழ்

என் மகள் பிறவியிலேயே காது கேளாதவள். மூன்று வயதாவதற்குள் அவளுடைய உள்காதில் ஒரு மெல்லிய கம்பியைச் செலுத்தினார்கள். கம்பி நெடுகப் பொட்டுப் பொட்டாக உலோகப் புள்ளிகள். காதுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் மெஷின் சத்தத்தை வாங்கி அனுப்ப, தோலுக்கடியில் இருக்கும் சில்லு அதை மின்துடிப்பாக்கும். அந்தத் துடிப்பு புள்ளிகள் வழியாகக் கேட்கும் நரம்பைத் தூண்டும். டாக்டர் உள்காதின் படத்தைக் காட்டி விளக்கியபோது, கோவளத்தில் கடலுக்குப் போகும் என் வீட்டுக்காரர், "சங்கு மாரியே கீது சார்" என்றார்.

"இனி நீங்க பேசப் பேசத்தான் அவளுக்குப் பேச்சு வரும். இந்த வயசை விட்டுட்டா கஷ்டம்" என்றார் டாக்டர். அன்றிலிருந்தே நான் அவளிடம் ஓயாமல் பேச ஆரம்பித்தேன்.

என் வீட்டுக்காரரோ டாக்டர் சொன்னதை வேறு மாதிரி புரிந்துகொண்டார். "நம்ம பேச்சுல்லாம் அந்த மெஷினுக்குள்ள போவாதும்மே. சுத்தமா பேசணும்."

அலைக்கு மேல் குரல் கொடுத்து அடுத்த படகைக் கூப்பிடுகிற மனுஷன், மகள் முன்னால் செய்தி வாசிப்பவரைப் போல நிமிர்ந்து உட்கார்ந்தார். "மகளே, இது மீன். மீன் நீரில் வாழும்." அவள் மீனையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை.

"செய்தி முடிஞ்சிதா? அடுத்து வானிலையா?" என்று கேட்டேன். வாய்தான் சிரித்தது, உள்ளுக்குள் எரிச்சல். கைவசம் இருந்த சுத்தத் தமிழ் தீர்ந்ததும் அவர் அவளிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார்.

மாதங்கள் ஓடின. கதவு சத்தத்துக்குத் திரும்பினாள், கூப்பிட்டால் திரும்பினாள். ஆனால் ஒரு சொல் வரவில்லை. நான் ஒருத்தி பேசிப் பேசித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். கடைசிவரை பேசாமலே போய்விடுவாளோ என்று பயந்தேன்.

ஒரு காலை அவர் படகோரம் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். உப்புக் காற்றுக்குப் பயந்து மெஷினுக்கு உறை மாட்டி, மகளைப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தேன். வலையில் சிக்கியிருந்த நண்டு அவர் விரலைக் கவ்வியது.

"அடச்சீ சனியனே! கட்ச்சிக்கினு உடுதா பாரு! யம்மா, உயிரு போவுதே!"

கரையே திரும்பிப் பார்த்தது. மகள் எழுந்து அவரிடம் போனாள். அவர் வாயையே பார்த்தாள்.

"இன்னா?" என்றாள்.

நான் அப்படியே மணலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

"நண்டும்மா. நைனா கைய கட்ச்சிடுச்சி."

"இன்னா?"

"நண்டுடா கண்ணு, நண்டு! திருட்டு நண்டு!"

விரலில் தொங்கும் நண்டைப் பிடுங்க மறந்து, அவள் கேட்கக் கேட்கப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார்.