எழுத்தில்லாத பொத்தான்

என் கைப்பேசியை எங்கள் வீட்டில் யாரும் கைப்பேசி என்று ஒப்புக்கொண்டதில்லை. லினக்ஸ் என்கிற, யார் வேண்டுமானாலும் பிரித்துத் திருத்திக்கொள்ளக்கூடிய மென்பொருளில் ஓடுகிற போன் அது. அழைப்பு வந்தால் சில நேரம் மணி அடிக்கும். சில நேரம் அழைத்தவர் அலுத்துப்போய் வைத்த பிறகு அடிக்கும். மத்தியானத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடும். என் மனைவி அதற்கு ‘ஆராய்ச்சி’ என்று பெயர் வைத்திருந்தாள். “உங்க ஆராய்ச்சி சோபாவுல கிடக்குது, எடுங்க, மேல உக்காந்துடப் போறேன்” என்பாள்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும். மற்ற போன்களில் எல்லாவற்றையும் எவனோ எங்கேயோ உட்கார்ந்து தீர்மானித்து அனுப்பிவிடுகிறான், இதில் விசைப்பலகையைக்கூட நாமே அமைத்துக்கொள்ளலாம் என்பேன். திரையின் அடியிலிருந்து எழும்பி வருகிற அந்த விசைப்பலகை உண்மையில் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. எந்த வரிசையில் எந்தப் பொத்தான், அதன்மேல் என்ன தெரிய வேண்டும், தொட்டால் என்ன வர வேண்டும் என்று வரிவரியாக எழுதி வைத்தால் அப்படியே திரையில் வந்து நிற்கும். ஒரு பொத்தானுக்கு ஒரு எழுத்துதான் என்று சட்டமில்லை. ஒரு முழு வாக்கியத்தையே வைக்கலாம். மந்தைவெளியில் எங்கள் வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் காபியை வேகமாகக் குடித்துவிட்டுக் கிளம்பியிருக்கிறார்கள்.

என் மனைவி தி.நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. நாற்பது பிள்ளைகளை ஒரே குரலில் உட்கார வைக்கிறவள். அந்தக் குரல் ஆறு மாதமாகக் கரகரத்துக்கொண்டே இருந்தது. வெந்நீர், மிளகுப்பால், கஷாயம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. கடைசியில் அடையாறில் ஒரு டாக்டரம்மா உள்ளே கேமராவை விட்டுப் பார்த்து, குரல் நாணில் கடுகை விடக் கொஞ்சம் பெரிய ஒரு கட்டி இருப்பதாகச் சொன்னார். கெட்ட கட்டி இல்லை, எடுத்துவிடலாம் என்றார். எடுத்தும்விட்டார்.

“பதினாலு நாள் ஒரு சத்தமும் வரக் கூடாது. கிசுகிசுன்னு பேசறதும் கூடாது, அது இன்னும் மோசம். அதுக்கப்புறம் குரல் எப்படி வருதுன்னு பார்க்கலாம். பழைய மாதிரியே வரும்னு இப்ப நான் வாக்குக் குடுக்க முடியாது” என்றார் டாக்டரம்மா.

ஆட்டோவில் திரும்பி வரும்போது என் மனைவி வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். நான் அவள் கையைத் தட்டிக்கொடுத்து, “எல்லாம் சரியாயிடும்” என்றேன். அவள் தலையாட்டினாள்.

அன்றைக்கே எனக்குள் விளக்கு எரிந்துவிட்டது. இதற்காகத்தானே இத்தனை வருடமாக அந்தப் போனைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன்! அவளுடைய போனில் எழுத்தெழுத்தாகத் தட்டித் தவிப்பானேன்? என் போனில் ஒரு தொடலுக்கு ஒரு வாக்கியம். இரண்டு நாள் கணினி முன்னால் உட்கார்ந்தேன். நாலு வரிசை, வரிசைக்கு ஐந்து, மொத்தம் இருபது பொத்தான்கள், மேலே ஓரத்தில் அழிப்பதற்கு ஒரு சின்னப் பொத்தான். அவள் அதிகம் சொல்கிற இருபது வாக்கியங்களை ஞாபகத்திலிருந்து எழுதினேன். அது ஒன்றும் கஷ்டமாக இல்லை. இருபத்துநாலு வருடமாகக் கேட்கிறேனே. ‘கேஸை அணைச்சீங்களா?’ ‘ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதீங்க.’ ‘மாத்திரை போட்டீங்களா?’ ‘எத்தனை தடவை சொல்றது?’ போனே அவற்றை வாய்விட்டுப் படிக்கும்படியும் செய்யலாம் என்று ஒரு ஆண் குரலைப் போட்டுக் காட்டினேன். அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். சரி, எழுத்து மட்டும் பெரிதாகத் தெரியட்டும் என்று விட்டேன்.

பலகையைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தாலும் சத்தம் வருமே! வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். நான் பயந்துபோய் “ஐயோ சிரிக்காதே, சிரிக்காதே” என்று கத்தினேன், அதற்கும் சிரிப்பு. பிறகு நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் வரிசையிலிருந்து ஒவ்வொரு பொத்தானாக மறுபடி படித்தாள். நோட்டுப் புத்தகம் திருத்துகிறபோது அவள் முகம் அப்படித்தான் இருக்கும். சாதாரண எழுத்துப் பலகைக்கு மாற்றி மெல்லத் தட்டினாள்.

‘இருபதும் உங்களுக்குத்தான் இருக்கு. நான் எங்க?’

எனக்குச் சுருக்கென்றது. “ரெண்டு நாளா இடுப்பு ஒடிய உக்காந்து பண்ணியிருக்கேன்” என்று முறைத்துக்கொண்டு போய்விட்டேன். சமையலறையில் நின்று யோசித்தால் அவள் சொன்னது சரி. கேஸ், துண்டு, மாத்திரை எல்லாம் என்னுடையவை. அவளுக்கென்று அவள் சொல்லி நான் கேட்ட வாக்கியம் ஒன்றை நினைத்துப் பார்க்க முயன்றேன். வரவில்லை. வெட்கமாக இருந்தது.

அவள் பின்னாலேயே வந்து போனை நீட்டினாள். ‘எப்படி மாத்துறதுன்னு காட்டுங்க.’

காட்டினேன். கோப்பில் ஒவ்வொரு வரியும் சரியான இடைவெளி விட்டுத் தொடங்க வேண்டும், ஒரு இடைவெளி கூடினாலும் குறைந்தாலும் அந்தப் பலகை வரவே வராது, அதன் இடத்தில் வெறும் ஆங்கிலப் பலகை வந்து நிற்கும் என்று எச்சரித்தேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓரம் விட்டு எழுதச் சொல்லிக் கொடுக்கிறவளிடம் இதைச் சொன்னேன்! அரை மணியில் பிடித்துக்கொண்டாள். என் இருபதையும் அழித்தாள். அழிப்பான் பொத்தான் ஏன் இத்தனை சின்னதாக இருக்கிறது என்று கேட்டு அதைப் பெரிதாக்கினாள். அதில் அவள் செய்தது சரி, எனக்குத் தோன்றாமல் போய்விட்டது.

அதன் பிறகு வந்த நாட்கள் இப்போது நினைத்தால் பாதித் தூக்கத்தில் நடந்தவை போல இருக்கின்றன. அவள் பள்ளிக்கு விடுப்பு, நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவன். அவள் பேசாததால் எனக்கும் பேச்சு குறைந்துவிட்டது. அதுவரை வீட்டில் கேட்காத சத்தங்கள் கேட்கத் தொடங்கின. மேம்பாலத்தில் பறக்கும் ரயில் போனால் அலமாரியில் ஒரு டம்ளர் மட்டும் சன்னமாக அதிரும். எத்தனை வருடமாக அதிர்கிறதோ. பக்கத்து மாடியில் யாரோ மாவு அரைப்பார்கள். வெயில் ஜன்னல் கம்பியிலிருந்து இறங்கி, தரையில் நகர்ந்து, அவள் காலடிக்கு வந்து நிற்கும். அவள் காலை மடக்கிக்கொள்ள மாட்டாள். இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

அவள் அமைத்த பலகையில் எனக்குத் தெரியாத ஒரு பெண் இருந்தாள். ‘ஃபேனை நிறுத்துங்க, காத்து வருது.’ ‘எனக்கு இப்ப ஒண்ணும் வேண்டாம்.’ ‘இந்நேரம் கிளாஸ்ல என்ன பாடம் நடக்கும்?’ ‘கடலுக்குப் போகலாமா?’ இன்னொன்று: ‘நீங்க பேசுங்க, கேட்டுக்கிட்டிருக்கேன்.’ அதை அவள் முதல் முறை தொட்டபோது நான் லினக்ஸைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசிவிட்டேன். மற்றவர்களைப் போலக் காபியைக் குடித்துவிட்டு ஓட முடியாத நிலையில் இருந்தவள், பாவம்.

கடைசி வரிசையின் மூலையில் ஒரு பொத்தான் இருந்தது. அதன்மேல் எழுத்தே இல்லை. வெறும் சாம்பல் கட்டம். “இது என்ன?” என்று கேட்டேன். விரலை ஆட்டி மறுத்துவிட்டாள். சில நேரம் அவள் கட்டைவிரல் அந்தக் கட்டம் வரை போய் நின்றுவிட்டுத் திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன். அவள் அதைத் தொட்டு மட்டும் நான் பார்த்ததில்லை.

ஒருநாள் மத்தியானம் கண் அயர்ந்தபோது ஒரு கனவு. மயிலாப்பூர்த் தெப்பக்குளத்தின் படிகள் எல்லாம் விசைப்பலகையின் வரிசைகளாக இருக்கின்றன. அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்குகிறாள். கால் வைக்கிற இடமெல்லாம் ஒரு எழுத்து தெரிந்து மறைகிறது. கடைசிப் படி மட்டும் வெறுமையாக இருக்கிறது. அதில் கால் வைக்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். விழித்துப் பார்த்தால் அவள் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து அதே மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சும்மா இருக்கிற கையா என்னுடையது? ஒன்பதாம் நாள் அவள் குளிக்கப் போயிருந்தபோது, பலகையைச் சீர்படுத்துகிறேன் பேர்வழி என்று இரண்டாம் வரிசையின் பொத்தான்களைக் கொஞ்சம் அகலமாக்கினேன். மூலைப் பொத்தானின் வரிகளைப் பார்க்கவில்லை, சத்தியமாக. சாயங்காலம் இருவரும் மந்தைவெளி மார்க்கெட்டுக்குப் போனோம். காய்காரம்மா ஏதோ கேட்க, அவள் போனை எடுத்தாள். அவளுடைய பலகை இல்லை. ஆங்கில எழுத்துகள் மட்டும் பல்லை இளித்துக்கொண்டு நின்றன. எங்கேயோ ஒரு இடைவெளி கூட விழுந்திருந்தது.

“இன்னாம்மா, தொண்ட கட்டிக்கிச்சா? மொளகு போட்டு பால் குடிம்மா” என்றார் காய்காரம்மா. அவள் திரையைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது. நான் குறுக்கே விழுந்து “ஆபரேஷன் ஆகியிருக்கு, பேசக் கூடாது” என்றேன். உடனே காய்காரம்மாவும் பேச்சை நிறுத்திவிட்டு, கத்தரிக்காயைத் தூக்கிக் காட்டி, வேணுமா என்று கண்ணாலேயே கேட்டார். அவருக்குத் தொண்டையில் ஒன்றுமே இல்லை!

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்போம். அவள் சிரிக்கவில்லை. வீடு வரை எனக்கு முன்னால் நடந்தாள். வீட்டுக்கு வந்ததும் ஒரு காகிதத்தை இழுத்துப் பேனாவால் எழுதினாள்: ‘இதுல இனிமே கை வைக்காதீங்க. எனக்கு இருக்கறது இது ஒண்ணுதான்.’

வைக்கவில்லை. கோப்பை அவளே சரிசெய்துகொண்டாள். அந்த வெற்றுப் பொத்தானில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு நிமிடம் போதும். போன் என்னுடையது, கடவுச்சொல் என்னுடையது. என்னைப் பற்றி ஏதோ ஒரு குறை, சொல்ல மனம் வராமல் வைத்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். கை துறுதுறுத்தது. கணினியை மூடிவிட்டு மாடிக்குப் போய்விடுவேன்.

பதினாலாம் நாள் சாயங்காலம் அவள் ‘கடலுக்குப் போகலாமா?’வைத் தொட்டாள். பெசன்ட் நகரில் வழக்கமான கூட்டம். கூட்டத்தைத் தாண்டி ஈர மணல் ஆரம்பிக்கிற இடத்தில் உட்கார்ந்தோம். பலூன் சுடுகிற சத்தமும் பிள்ளைகளின் கூச்சலும் தூரத்தில் எங்கோ நடப்பது போலிருந்தன. அலை வந்து செருப்பு வரை நனைத்துவிட்டுப் போனது. வெளிச்சம் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டிருந்தது. மறுநாள் காலை டாக்டரிடம் போக வேண்டும். இரண்டு பேருக்கும் அதுதான் மனதில். நான் அவள் பக்கம் திரும்பி, “எல்லாம் சரி...” என்று ஆரம்பித்தேன்.

அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள். போனை எடுத்தாள். கட்டைவிரல் மூலைக்குப் போனது. இந்த முறை திரும்பி வரவில்லை.

‘எனக்குப் பயமா இருக்கு.’

திரையில் அந்த ஒரு வரி. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆட்டோவில் ஆரம்பித்து இந்தப் பதினாலு நாளும் ‘எல்லாம் சரியாயிடும்’ என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! எனக்கென்று ஒரு விசைப்பலகை செய்தால் அந்த ஒரு பொத்தானே போதும். பேசக் கூடாது என்று டாக்டர் தடுத்தது சத்தத்தை மட்டும். நான்தான் அவளைப் பேச விடாமல் இருந்திருக்கிறேன். அவளுடைய அந்தக் குரல் திரும்பி வராவிட்டால் வீட்டில் நான் என்ன செய்வேன் என்று தெரியாமல், ஒவ்வொரு நாளும் மாடியில் போய் நின்றுகொண்டிருந்தவன் நான். அதை அவளிடம் சொன்னதில்லை. இப்போதும் வாய் வரவில்லை. போனை அவள் கையிலிருந்து வாங்கி, அதே பொத்தானைத் தொட்டேன்.

‘எனக்குப் பயமா இருக்கு.’

ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு வரிகள். அவள் இரண்டையும் படித்தாள். என் தோளில் தலையைச் சாய்த்தாள். அதோடு சார்ஜ் தீர்ந்து திரை இருண்டது. வாங்கிய நாளிலிருந்து அந்தப் போன் சரியான நேரத்தில் அணைந்தது அன்றுதான்.

மறுநாள் காலை அவசர அவசரமாகக் கிளம்பினோம். டாக்டரம்மா கேமராவை விட்டுப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். “நல்லா ஆறியிருக்கு” என்றார். “ஆனா குரல் எப்படின்னு பேசினாத்தான் தெரியும். கத்த வேண்டாம், கிசுகிசுக்கவும் வேண்டாம். சாதாரணமா ஏதாவது சொல்லுங்க.”

அவள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். கை தானாகப் பைக்குள் இருந்த போனைத் தேடிப் போயிற்று. வெறுங்கையாகத் திரும்பி வந்து மடியில் உட்கார்ந்தது. நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். தண்ணீர் நின்றுபோன குழாயில் திரும்ப வரும்போது முதலில் வெறும் காற்று வருமே, அந்த மாதிரி ஏதோ வந்தது. பிறகு குரல் வந்தது. பழைய குரல் இல்லை. இறங்கிப்போய், மெல்லியதாக, கொஞ்சம் மணல் கலந்ததாக ஒரு குரல். ஆனால் அவளுடையதுதான்.

“கேஸ அணைச்சீங்களா?”

அணைச்சுட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.