கப்புச் சத்தம் கேட்காத குளியலறை

ஒன்பது வருஷமாக என் கணவர் குளிக்கப் போனால் நான் கதவுக்கு வெளியே நின்று காது கொடுத்துக் கேட்பேன். வாளியில் கப்பு முங்கும் சத்தம், தண்ணீர் மேலே விழும் சத்தம், மறுபடி கப்பு முங்கும் சத்தம். அது வந்துகொண்டிருக்கும் வரை ஆள் நிற்கிறார் என்று அர்த்தம். அவருக்கு வலிப்பு உண்டு. முதல் தடவை வந்தது எங்கள் வீட்டுக் குளியலறையில், தாழ்ப்பாள் போட்டுக் குளிக்கும்போது. அக்கம்பக்கத்தார் கதவை உடைத்து வெளியே தூக்கி வந்தபோது நெற்றி பிளந்திருந்தது. அன்றைக்கே தாழ்ப்பாளைக் கழற்றி எறிந்துவிட்டேன். கப்புச் சத்தம் கொஞ்சம் தாமதித்தாலும் "ஏங்க" என்பேன். "இருக்கேன், சாகல்ல" என்று உள்ளிருந்து எரிச்சலாகப் பதில் வரும். அந்த எரிச்சல்தான் எனக்கு நிம்மதி.

அப்படிப்பட்ட மனுஷர், நாங்கள் வாங்கிய பழைய பள்ளிக்கூட பஸ்ஸுக்குள் டைல்ஸ் ஒட்டி ஷவர் வைக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

பஸ் வாங்கியதே அவருடைய ஆசைக்காகத்தான். வலிப்பு வந்த பிறகு அவர் வண்டி ஓட்டக் கூடாது. ஆபீஸையும் விட்டுவிட்டார். ஊர் சுற்ற வேண்டும் என்ற பித்து மட்டும் விடவில்லை. சரி என்று நான் கனரக வாகன லைசென்ஸ் எடுத்தேன். கட்டில் போட்டோம், அடுப்பு வைத்தோம். குளிக்க ஒரு திரை, ஒரு வாளி, ஒரு கப்பு போதும் என்றேன்.

"எனக்குக் கதவு வேணும். ஷவர் வேணும். மனுஷன் மாதிரி நின்னு குளிக்கணும், கேட்டியா" என்றார்.

ஆள் விழுந்தால் கப்புச் சத்தம் நிற்கும், ஷவர் நிற்குமா? ஆள் விழுந்து கிடந்தாலும் அது பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருக்குமே. வெளியே இருக்கிறவளுக்கு எப்படித் தெரியும்?

டைல்ஸ் ஒட்ட வந்த கொத்தனார் நாகர்கோவில் பக்கத்துக்காரர். பஸ்ஸின் தகரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"வீடு நின்ன எடத்துல நிக்கும்க்கா. இது ஓடும்லா. சிமெண்ட்டு வெச்சு ஒட்டினா பொன்முடி மலை ஏறி எறங்கதுக்குள்ள பொலபொலன்னு உதுந்துரும்."

சாலைக் கடைத்தெருவில் ஒரு ஹார்டுவேர் கடையிலிருந்து ரப்பர் மாதிரி நெகிழ்ந்து கொடுக்கும் பசை வாங்கி வந்தார். இரும்புச் சட்டத்தில் பலகையைத் திருகி, தண்ணீர் இறங்காமல் இரண்டு தடவை பூச்சு அடித்து, தீப்பெட்டி அளவு டைல்களை ஒவ்வொன்றாக ஒட்டினார். பெரிய டைல் குலுக்கலில் உடையுமாம். மூலைகளில்கூட சிமெண்ட் கிடையாது, ரப்பர்ப் பசைதான். நல்ல வேலைக்காரர். எனக்குத்தான் ஒவ்வொரு டைலும் என் கணவர் மண்டையைப் பிளக்கக் காத்திருக்கும் கல்லாகத் தெரிந்தது. விரலால் தடவிப் பார்ப்பேன், சுண்டிப் பார்ப்பேன். "தரையில சொரசொரப்பான டைல்ஸ்தான்க்கா போட்டிருக்கு, வழுக்காது" என்று கொத்தனார் பத்து தடவையாவது சொல்லியிருப்பார்.

என் கணவர் டீ குடிக்கப் போன சமயம் பார்த்து, கொத்தனாரிடம் மெதுவாகச் சொன்னேன்: "கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வேண்டாம்."

"சரிக்கா" என்றார், பசையிலிருந்து கண்ணை எடுக்காமல். அந்த அவசர 'சரி'யிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கதவு மாட்டியதும் வழக்கமான உயரத்தில் பார்த்தேன். ஒன்றும் இல்லை. திருப்தியாக இருந்தேன்.

பசை நன்றாகக் காய்ந்த பிறகு முதல் பயணம் பொன்முடிக்கு. கொண்டை ஊசி வளைவுகளில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். அவர் பின்னால் போய் டைல்களைத் தட்டிப் பார்த்து, "ஒண்ணும் இளகல்ல, பயப்படாத, பேடிக்காம ஓட்டு" என்று கத்துவார். வளைவில் எழுந்து நடக்காதீர்கள் என்று நான் பதிலுக்குக் கத்துவேன். தேயிலைத் தோட்டத்தின் ஓரம், கொஞ்சம் சமதரையாக இருந்த இடத்தில் நிறுத்தினேன். அவர் துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

நான் கட்டிலில் உட்கார்ந்தேன். கட்டிலுக்கு அடியில்தான் தண்ணீர் பம்ப். குழாயைத் திறந்தால் ஓடும், மூடினால் தானாக நிற்கும். ஓட ஆரம்பித்தது. ஷவர் சோவென்று கொட்டியது. கொஞ்ச நேரத்தில் பம்ப் நின்றது. கை போய்க் குழாயை மூடியிருக்கிறது, சோப்புப் போடுகிறார் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

பம்ப் மறுபடி ஓடவில்லை.

"ஏங்க."

பதில் இல்லை.

"ஏங்க! சோப்புப் போட இவ்வளவு நேரமா?"

எழுந்து கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை. உள்ளே எங்கேயோ பூட்டியிருந்தது. கதவை உடைக்க இங்கே அக்கம்பக்கம் யார்? ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஜாக்கிக் கம்பி இருந்தது. அதை எடுத்து வந்து கதவிடுக்கில் செருகும்போது, காலடியில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், தாழ்ப்பாள் நகரும் சத்தம் கேட்டது.

கதவு திறந்தது. அவர் மூலையில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். உடம்பெல்லாம் சோப்பு. மடியில் வலது கை இன்னும் லேசாக உதறிக்கொண்டிருந்தது.

"தீஞ்ச வாசன வந்துது, வலிப்புக்கு முன்ன வருமே அது. உடனே உக்காந்துட்டேன். கை மட்டும் கெடந்து துடிச்சுது, அப்புறம் கொஞ்ச நேரம் நெனவில்ல. போயாச்சு."

"இந்தத் தாழ்ப்பாள் யார் வெச்சது?"

"நாந்தான் கேட்டேன். கீழ வெச்சா, விழுந்தாலும் கை எட்டும்னு கொத்தனார் சொன்னாரு."

"ஒரு குரல் கொடுக்கக் கூடாதா? நான் இங்க செத்துப் பொழச்சேன்!" அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. கம்பியை இன்னும் கையில் வைத்திருந்தேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

"மொதல்ல வாய் வரல்ல. அப்புறம் வந்துது, நான் கூப்பிடல்ல. ஒவ்வொரு தடவையும் கண்ணு முழிச்சா மொதல்ல தெரியது பயந்து வெளுத்த உன் மூஞ்சிதான். அதப் பாத்தாத்தான் எனக்குப் பேடி. செத்துட்டேனோன்னு தோணும். இந்த ஒரு தடவ அது இல்லாம முழிச்சேன்."

கம்பியைக் கீழே வைத்தேன்.

"சோப்பு எரியுது. கதவச் சாத்து."

சாத்தினேன். கீழே தாழ்ப்பாள் விழுந்தது. பம்ப் ஓட ஆரம்பித்தது. நான் போய் ஓட்டுநர் இருக்கையில், குளியலறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன். அவர் வெளியே வரும்போது இந்த முகம் அவர் கண்ணில் படக் கூடாது.