ஹெங் அண்ணனின் இளஞ்சிவப்பு அட்டை

ஹெங் அண்ணன் ஹாலந்துக்காரர். தாய்லாந்தில், லோய் பக்கத்தில் எங்கள் ஊரில், என் காபிக் கடைக்கு எதிர் வீட்டில், மனைவி புவாகமோடு இருபத்தைந்து வருடம் குடியிருந்தார். சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போடுவார், காசு வாங்கமாட்டார். ஊரே அவர் வாசலில்தான் நிற்கும். காலையில் என் கடையில் கெட்டிப்பால் காபியைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, இனிப்பு அதிகம் என்று தினமும் குறை சொல்வார். அந்தக் குறையை இன்னொரு தடவை கேட்கமாட்டோமா என்று இருக்கிறது.

புவாகம் இறந்த மறு வருடம் அவருக்கு ஒரு பித்துப் பிடித்தது. வெளிநாட்டவருக்குக் கொடுக்கிற இளஞ்சிவப்பு அடையாள அட்டை வேண்டுமாம்.

"பாஸ்போர்ட்டு இருக்குல்ல? எதுக்குண்ணே வெட்டி அலைச்சல்? அதக் காட்டினா அருவி டிக்கெட்டுல குறைப்பாங்கன்னா?" என்று கேட்டேன்.

"அருவியெல்லாம் பாத்தாச்சு கூங். பாஸ்போர்ட்டுல இந்த வீடு இல்லையே. அந்த அட்டையில வீட்டு நம்பர் போடுவாங்க. அவ அட்டையில இருந்த அதே நம்பர்."

அவரை இங்கே தெரியும் என்று சொல்ல இரண்டு சாட்சிகள் வேண்டுமாம்.

சாட்சி சொல்ல நானும் ஊர்த்தலைவரும் வட்ட அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி சின்னப் பெண். எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்தாள்.

"இவர் முழுப் பேர் என்னக்கா?"

"ஹெங்."

"அது கூப்பிடுற பேரு. பாஸ்போர்ட்டுல என்ன பேரு?"

எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் எல்லோருக்கும் கூப்பிடுகிற பெயர்தான். கூங் என்றால் இறால், அதுதான் நான். தலைவர் தவளை. தவளையின் முழுப் பெயர் அவர் வீட்டம்மாவுக்காவது தெரியுமா என்பது சந்தேகம். அவரும் ஹெங் என்றுதான் சொல்லியிருந்தார்.

"இருபத்தாறு வருசம் எதிர் வீடுங்கறீங்க. பேரே தெரியலைன்னா எப்படிக்கா நம்பறது?" என்று ஃபைலை மூடிவிட்டாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணன் உட்கார்ந்திருந்தார். புவாகம் தைத்துக் கொடுத்த சட்டை, மடியில் வீட்டுப் பதிவேடு. எனக்குக் கோபம் வந்தது, என் மேலேயே.

"அவர் பேரு தெரியாது பொண்ணே. அவங்கம்மா பேரு தெரியும். ஆல்ட்யே. வருசா வருசம் அம்மா செத்த நாள்ல கோயில்ல பிக்குகளுக்குச் சோறு கொடுத்து, புண்ணியம் அவங்களுக்குச் சேரட்டும்னு தண்ணி ஊத்தி, அந்தப் பேரச் சொல்லுவாரு. பக்கத்துல தட்டு ஏந்தி நின்னது நான்தான். வாய்க்குள்ள நுழையாத பேரு, கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆயிருச்சு."

அவள் ஃபைலைத் திறந்தாள். அம்மா பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்து இரண்டு தடவை படித்தாள். பிறகு தாளை என் பக்கம் தள்ளினாள்.

"கையெழுத்துப் போடுங்கக்கா. முழுப் பேரு. கூங்னு எழுதிடாதீங்க."

அட்டையை அவர் ஊர் முழுக்கக் காட்டினார். ஆனால் வங்கியில் பாஸ்போர்ட்டைத்தான் கேட்டார்கள், ஆஸ்பத்திரியிலும் அதையேதான். ஒன்றுக்கும் உதவாத அட்டை என்று தலைவர் கிண்டலடிப்பார். அண்ணன் சிரித்தபடி சட்டைப் பையைத் தட்டிக்கொள்வார். அட்டை வந்த நாலாவது மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார்.

அட்டை இப்போது என் கடையில், சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. அவர் இறந்த நாள் வந்தால் கோயிலுக்கு எடுத்துப் போகிறேன். தண்ணீர் ஊற்றும்போது எழுத்துக் கூட்டி வாசிக்கிறேன்: ஹெண்ட்ரிக் யோஹான்னஸ் டைக்ஸ்ட்ரா. நாக்குப் புரள மறுக்கிறது. அதோடு விடாமல் கீழே இருக்கிற வீட்டு எண்ணையும் சொல்லிவிடுகிறேன். புண்ணியம் அந்த வீட்டுக்கே போகட்டும். புவாகமும் அங்கேதானே இருப்பாள்.