அப்பா கேட்டு வாங்கிய ஈவினிங் ஸ்டார்

அப்பா எங்களை விட்டுப் போய் ஓர் ஆண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருடைய பெயர் அப்பாவின் நீல அட்டை நோட்டில் இருக்கிறது. அந்த நோட்டைப் பற்றி ஆளுக்கொரு கதை பேசிக்கொள்கிறீர்கள் என்பதும் என் காதுக்கு வந்தது. ஆகவே நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். கூட்டிச் சொல்வது என் வழக்கமில்லை. அது என் கணவரின் வேலை.

அப்பா பிறந்தது ஜொகூரில் உலு திராம் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. தோட்டத்தை விற்றுத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளை இடித்தபோது, அம்மாவையும் கைக்குழந்தையான என்னையும் கூட்டிக்கொண்டு மாசாய்க்கு வந்தார். பாசிர் கூடாங் துறைமுகத்தில் ஒரு கிடங்கில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். ஒரு நாள்கூட வேலைக்குப் பிந்திப் போனதில்லை, யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. கோபம் வந்தால் வாசலில் போய் நின்றுகொள்வார். மழை பெய்தாலும் நிற்பார்.

அவருக்கு இருந்த ஒரே ஆசை, கரியில் ஓடிய இங்கிலாந்தின் பழைய நீராவி ரயில் வண்டிகள். முதல் சம்பளத்தில் ஜொகூர் பாருவில் ஒரு பழைய புத்தகக் கடையில் படங்கள் நிறைந்த தடிப் புத்தகம் ஒன்றை வாங்கினாராம். அதில் ஒவ்வோர் எஞ்சினுக்கும் ஒரு பெயர் இருந்தது. அப்பா ஆங்கிலம் படித்ததே அந்தப் பெயர்களை எழுத்துக்கூட்டித்தான்.

எங்கள் வீட்டில் மாப்பிள்ளை வந்தாலும் மருமகள் வந்தாலும் குழந்தை பேசத் தொடங்கினாலும், பலகாரத் தட்டுக்கு முன்னால் அந்தப் புத்தகம் வரும். பிடித்த வண்டியின் பெயரைச் சொல்ல வேண்டும். அப்பா அதை நீல நோட்டில் பேனாவால் எழுதுவார். ஒரு வண்டி ஒருவருக்குத்தான். எழுதிய பிறகு மாற்ற முடியாது. உரியவரே தம் வாயால் கொடுத்தால் மட்டும் வேறொருவர் எடுத்துக்கொள்ளலாம். வாத்துக் கறி பிடிக்கும் என்பதற்காக அம்மா, வாத்தின் பெயர் கொண்ட மல்லார்ட் எடுத்தார். என் கணவர் ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன். தினமும் சிங்கப்பூர் பாலத்தில் இரண்டு மணி நேரம் நெரிசலில் ஊர்ந்து வேலைக்குப் போகிறவருக்குப் பறக்கிற பெயர்! உலு திராம் சித்தப்பா கிங்ஃபிஷர், தெப்ராவ் அத்தை வைல்ட் ஸ்வான்.

அப்பா பெயருக்கு நேரே மட்டும் காலியாக இருக்கும். கேட்டால், அவசரமில்லை என்பார். ஆனால் யாராவது ஈவினிங் ஸ்டார் படத்தில் விரலை வைத்தால் பக்கத்தைப் புரட்டிவிடுவார். பச்சை வண்ணம் பூசிய அழகான வண்டி அது. இங்கிலாந்து ரயில்வேக்காரர்கள் கடைசியாகச் செய்த நீராவி எஞ்சின் என்று சொல்லியிருக்கிறார்.

தவறு நான் செய்தது. என் மகள் யாழினிக்கு மூன்று வயதானபோது ஒரு நாள், அப்பா குளித்துக்கொண்டிருந்தார். குழந்தை ஈவினிங் ஸ்டார் மேல் கையை வைத்து இதுதான் வேணும் என்று ஒரே அழுகை. சனியன் ஓயட்டும் என்று நானே பேனாவை எடுத்து நோட்டில் எழுதிவிட்டேன். அப்பா துண்டோடு வந்து பார்த்தார். ஈரத் தலையோடு வாசலில் போய் நின்றார்.

ஐந்து வருடம் கழித்து அவருடைய சிறுநீரகம் பழுதானது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். மற்ற நாட்களில் முன்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். எங்கள் வீட்டுக்கு எப்போதாவது சரக்கு ரயில் சத்தம் கேட்கும். அது டீசல் வண்டி. ஒரு செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணிக்கு அப்பா தலையை நிமிர்த்தி, கிங்ஃபிஷர் வருகிறது என்றார். எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. அடுத்த நாள் காலையில், கிங்ஃபிஷர் எடுத்த சித்தப்பா இறந்துவிட்டார் என்று போன் வந்தது.

மூன்று வாரம் கழித்து, அதே நாலு மணிக்கு, வைல்ட் ஸ்வான் என்றார். தெப்ராவ் அத்தை அன்றைக்குக் கோயிலுக்குப் போய் நன்றாகத்தான் இருந்தார். இரவு சாப்பிட்டுப் படுத்தவர் எழவில்லை. அதற்குப் பிறகு நாலு மணி ஆனால் அம்மா தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டி வைத்துவிடுவார். நானும் மாசாய்க்கு வந்தால் மூன்றரைக்கே கிளம்பிவிடுவேன். பெற்ற தகப்பனைப் பார்த்தே பயந்தேன்.

பிறகு யாழினிக்கு டெங்கி கண்டது. மருத்துவமனையில் ஐந்தாம் நாள் இரத்த அணுக்கள் மிகவும் குறைந்துவிட்டன. டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். அன்று மத்தியானம் அம்மா போன் செய்தார். குரலே சரியில்லை. அப்பா காலையிலிருந்து, இன்றைக்கு ஈவினிங் ஸ்டார் வரும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

நான் போனை அவரிடம் கொடுக்கச் சொல்லித் திட்டினேன். என்ன வாய் உங்களுக்கு, சொந்தப் பேத்தி என்றுகூட இல்லையா என்று கேட்டேன். வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும். அப்பா நான் முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு, "பிள்ளைகிட்ட போனைக் குடும்மா" என்றார்.

"கண்ணு, தாத்தாவுக்கு உன் ஈவினிங் ஸ்டாரைத் தருவியா?"

"திருப்பித் தருவீங்களா?"

"தர முடியாதுலா. தாத்தா அதுல போகணும்."

யாழினி போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். "சரி, எடுத்துக்குங்க. மெதுவாப் போங்க தாத்தா" என்றாள்.

அம்மா நோட்டையும் பேனாவையும் எடுத்துக் கொடுத்தாராம். அப்பா ஏதோ எழுதி மூடி வைத்துவிட்டு, சட்டை மாற்றிவிடச் சொல்லி வாசலில் போய் உட்கார்ந்தாராம். வார்டில் கண்ணாடிச் சன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன, ஏர்கான் ஓடிக்கொண்டிருந்தது. நாலு மணிக்கு யாழினி கண்ணைத் திறந்து, "அம்மா, சாத்தே சுடுற வாசம் வருது" என்றாள். கரியடுப்பில் இறைச்சிக் குச்சி வாட்டும்போது வருகிற கரி வாசம். எனக்கும் வந்தது. ஒரு நிமிடம் இருந்துவிட்டுப் போய்விட்டது. பத்து நிமிடத்தில் அம்மாவின் போன் வந்தது.

மறுநாள் காலை யாழினியின் அணுக்கள் ஏறத் தொடங்கின. டெங்கியில் இப்படித்தான், ஆறாம் நாள் திரும்பும் என்று டாக்டர் சொன்னார். நானும் தலையாட்டினேன். என் மகளை வார்டில் விட்டுவிட்டு வந்து என் அப்பாவுக்கு வாய்க்கரிசி போட்டேன். கடைசியாக அவரிடம் பேசியது அந்தத் திட்டுதான். மன்னித்துவிடுங்கள் அப்பா.

அப்பாவை வேனில் ஏற்றி இறக்கிய ஓட்டுநர் தம்பிக்கும், டயாலிசிஸ் தாதியருக்கும், அம்மா தனியாக இருந்த அந்த மாலை ஓடிவந்து அப்பாவின் தலையைத் தாங்கிப் பிடித்த பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காவுக்கும், அடக்கம் வரை உடனிருந்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. 'என் பெயரை நோட்டிலிருந்து எடுத்துவிடு' என்று போன் செய்த சொந்தங்களுக்கும் நன்றி. பேனாவால் எழுதியதை எடுக்க முடியாது என்று உங்களுக்கே தெரியும்.

இந்த மலரின் அட்டைக்காக நோட்டைப் படம் பிடிக்கப் போன வாரம்தான் அதைத் திறந்தேன். அதுவரை தைரியம் வரவில்லை. அப்பா பெயருக்கு நேரே ஈவினிங் ஸ்டார் என்று கோணல்மாணலாக எழுதியிருந்தது. யாழினி பெயருக்கு நேரே நான் எழுதியதை அடித்துவிட்டு, பக்கத்தில் இப்படி எழுதியிருந்தார்: 'இவளுக்கு வண்டி கிடையாது. பிள்ளை வீட்டிலேயே இருக்கட்டும்.'

திதிக்கு வருகிறவர்கள் கூடத்தில் அந்தப் படப் புத்தகத்தைப் பார்ப்பீர்கள். எடுத்துப் புரட்டுங்கள், அப்பாவுக்குப் பிடிக்கும். யாழினியிடம் மட்டும் எந்த வண்டி பிடிக்கும் என்று யாரும் கேட்டுவிடாதீர்கள்.