தமிழ் வகுப்புக்கு அம்மா ஆள் சேர்த்தது

எழுபதுகளில் ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருமுனை சர்க்கார் ஆரம்பப் பள்ளியில் மலையாள வகுப்புகளுக்கு பெஞ்சு போதாது. தமிழ் வகுப்பிலோ ஆளுக்கொரு பெஞ்சில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டே படிக்கலாம். அக்ரகாரத்துக் குழந்தைகள் ஒவ்வொருவராகக் கான்வென்டுக்குப் போய்விட்டிருந்தார்கள். நான் மூன்றாம் வகுப்புக்கு வந்த ஜூன் மாதம் பெரிய டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார். மலையாளி, அம்மாவிடம் மட்டும் தமிழில் பேசுவார்.

“அடுத்த வாரம் தலை எண்ண ஆபீசர் வரும், கேட்டோ. பிள்ளைங்க குறைஞ்சா தமிழ் டிவிஷன் போயி. மோளை மலையாளத்தில இருத்தலாம், பேடிக்கண்டா.”

பயப்படாதே என்று அவர் சொன்னதுதான் அம்மாவை உசுப்பியிருக்க வேண்டும்.

அப்பாவுக்கு அது சரியாகவே பட்டது. “ஊர்ல மலையாளம், ஆபீஸ்ல மலையாளம். இவ தமிழ் படிச்சு என்ன பண்ணப் போறா?” என்றார். மறுநாள் அம்மா அவரை ஆபீசுக்கு அனுப்பிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள்.

ஊரின் பழைய கோட்டை மதிலுக்கு வெளியே பெரிய கட்டடமொன்று எழும்பிக்கொண்டிருந்தது. வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வந்த கூலிக்காரர்கள் அதன் பின்னால் ஓலைக் கொட்டகை போட்டிருந்தார்கள். அம்மா ஒவ்வொன்றிலும் குனிந்து நுழைந்தாள். பிள்ளைகளை அனுப்பச் சொன்னாள். மத்தியானம் உப்புமா உண்டு என்றாள். தமிழிலேயே படிக்கலாம் என்றதும் பலர் சம்மதித்தார்கள். இசக்கி என்ற பெண்ணின் தாய் மட்டும் அசையவில்லை. இசக்கிக்கு என் வயது, இடுப்பில் தம்பி.

“இவ வந்துட்டா இந்தப் பயல யாரும்மா பாப்பா? நான் சட்டி சுமக்கணும்லா?”

“நான் பாத்துக்கறேன். ரெண்டு பேரையும் அனுப்பு.”

அப்படியே செய்தாள். இசக்கி என் பக்கத்தில் உட்கார்ந்து ‘அ’ எழுத, அம்மா பள்ளி வராந்தாவில் அவள் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தெருவே பார்த்தது. அடுத்த வீட்டு மாமி எங்களோடு பேச்சை நிறுத்தினாள்.

ஆபீசர் வரும் காலையில் பேய்மழை. கொட்டகைப் பிள்ளைகள் ஒருவரும் வரவில்லை. காலியான பெஞ்சுகளை ஒருமுறை பார்த்துவிட்டு அம்மா மழையில் இறங்கிப் போனாள். ஆபீசர் மலையாள வகுப்புகளை எண்ணி முடிப்பதற்குள், சொட்டச் சொட்ட நனைந்த பட்டாளத்தோடு திரும்பி வந்தாள். இடுப்பில் அந்தப் பயல்.

ஆபீசர் தலைகளை எண்ணினார். பயலைப் பார்த்து, “இதும் ஸ்டூடன்டா?” என்றார்.

“இவன் பின்னாடி வருவான், சார். அப்பவும் டிவிஷன் இருக்கணுமோன்னோ?”

ஆபீசர் சிரித்துவிட்டார். வகுப்பு பிழைத்தது.

கூலிக்காரர் வீட்டுப் பிள்ளையைத் தொட்டவர்கள் கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொள்ளாமல் அடுக்களைக்குள் போவது எங்கள் தெருவில் கிடையாது. அம்மாவும் முந்தின நாள்வரை அப்படித்தான் செய்தாள். அன்று சாயங்காலம் பயலைக் கொட்டகையில் விட்டுவிட்டு வந்தவள், காலை மட்டும் அலம்பிக்கொண்டு நேரே உள்ளே போய் அடுப்பை மூட்டினாள். அப்பா பேப்பரைத் தாழ்த்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

காலையில் அத்தனை மழையில் நனைந்தவள் மறுபடி எதற்குக் குளிக்க வேண்டும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.